கோப்பை வெல்லாதவர்தான் நம்பர் 1! இண்டியானா மண்ணின் டாப் 10 கல்லூரி கூடைப்பந்து நட்சத்திரங்கள்

2010, ஏப்ரல் 5. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இருக்கும் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் 70,000 பேருக்கு மேல் எழுந்து நிற்கிறார்கள். கல்லூரி கூடைப்பந்து இறுதிப் போட்டி. டியூக் பல்கலைக்கழகம் 61, பட்லர் பல்கலைக்கழகம் 59. ஆட்டம் முடிய மூன்று விநாடி சொச்சம்தான் பாக்கி.

பந்து பட்லர் அணியின் கார்டன் ஹேவர்ட் கைக்கு வருகிறது. பக்கத்து ஊரான பிரவுன்ஸ்பர்க் பையன். நாலு எட்டு ஓடி, மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்தே பந்தை வீசுகிறார். விளக்கு எரிகிறது, மணி அடிக்கிறது, பந்து இன்னும் காற்றில் இருக்கிறது. பலகையில் பட்டு, வளையத்தில் பட்டு... வெளியே விழுகிறது.

ஒரு அங்குலம் உள்ளே விழுந்திருந்தால் கல்லூரி கூடைப்பந்து வரலாற்றிலேயே மிகப் பெரிய வீச்சாக அது இருந்திருக்கும். விழவில்லை. ஆனாலும் இண்டியானாவில் இன்றைக்கும் அந்த வீச்சைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த மாநிலம் அப்படித்தான்.

இந்த வார 'டாப் 10' பகுதியில் நாம் பார்க்கப்போவது, இண்டியானா மண்ணில் வளர்ந்து, கல்லூரி கூடைப்பந்தில் கொடிகட்டிப் பறந்த பத்துப் பேரை!

ஏன் இண்டியானா?

கூடைப்பந்து பிறந்தது இண்டியானாவில் அல்ல. 1891-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர் கண்டுபிடித்த ஆட்டம் அது. ஆனால் அதை வீட்டுப் பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொண்டது இண்டியானா.

காரணம் எளிது. சோளமும் சோயாவும் விளையும் மாநிலம். பனிக்காலத்தில் வயலில் வேலை இருக்காது. ஊருக்கு ஊர் சின்னப் பள்ளிகள். கால்பந்துக்கு ஆள் சேர்க்க முடியாத பள்ளியில்கூட கூடைப்பந்துக்கு ஐந்து பேர் கிடைத்துவிடுவார்கள். கொட்டகைச் சுவரில் ஒரு வளையத்தை அடித்துவிட்டால் போதும், பயிற்சி ரெடி!

1911-ல் தொடங்கிய பள்ளிகளுக்கான மாநிலப் போட்டி இன்னொரு காரணம். 1997 வரை பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பிரிவே கிடையாது. எல்லாருக்கும் ஒரே கோப்பை. 1954-ல் மொத்தமே 161 மாணவர்கள் படித்த மிலன் என்ற கிராமத்துப் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. 1986-ல் வந்த 'ஹூசியர்ஸ்' திரைப்படத்துக்கு விதை அந்த வெற்றிதான். ஹூசியர் என்றால் இண்டியானாக்காரர் என்று அர்த்தம்.

1990-ல் ஒரு பள்ளி இறுதிப் போட்டியைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 41,046 பேர்! பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு!

பட்டியலின் விதிகள்

பள்ளிக் காலத்தில் இண்டியானாவில் வளர்ந்திருக்க வேண்டும். கல்லூரி எந்த மாநிலத்திலும் இருக்கலாம். என்.பி.ஏ. போன்ற தொழில்முறை ஆட்டத்தில் பின்னாளில் என்ன சாதித்தார்கள் என்பதற்கு மதிப்பெண் இல்லை. கல்லூரி நாட்களில் என்ன செய்தார்கள் என்பதுதான் கணக்கு.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1972 வரை, முதலாமாண்டு மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆட முடியாது. ஆக, பழைய வீரர்களுக்குக் கிடைத்தது மூன்றே சீசன். அதோடு, தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற விதி நாடு முழுக்கக் கல்லூரி ஆட்டத்துக்கு வந்தது 1986-87 சீசனில்தான். அதற்கு முன் எவ்வளவு தொலைவிலிருந்து போட்டாலும் இரண்டே புள்ளி!

சரி, கவுன்ட்-டவுன் ஆரம்பிக்கலாமா?

10. ஸ்டீவ் ஆல்ஃபோர்ட் - நியூ காசில்

நியூ காசில் ஒரு சிறு நகரம். ஆனால் அங்கிருக்கும் பள்ளிக் கூடைப்பந்து அரங்கில் 8,000 பேருக்கு மேல் உட்காரலாம். உலகின் மிகப் பெரிய பள்ளி அரங்கு என்று ஊர்க்காரர்கள் பெருமைப்படுவார்கள். அந்தப் பள்ளி அணியின் பயிற்சியாளர் சாம் ஆல்ஃபோர்ட். அவருடைய மகன்தான் ஸ்டீவ்.

இண்டியானா பல்கலைக்கழகத்தில், கண்டிப்புக்குப் பேர்போன பாபி நைட்டிடம் பயிற்சி. 1984-ல் கல்லூரி மாணவராக இருக்கும்போதே, மைக்கேல் ஜோர்டானுடன் ஒரே அணியில் ஆடி ஒலிம்பிக் தங்கம். 1987 இறுதிப் போட்டியில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து பத்து முறை முயன்று ஏழு முறை கூடைக்குள் போட்டார். சிராக்யூஸ் அணியை 74-73 என்று வென்றது இண்டியானா. மூன்று புள்ளி விதி நாடு முழுக்க அமலுக்கு வந்த முதல் சீசனே அதுதான். புது விதி வந்ததும் அதை யாருக்காக எழுதினார்களோ என்று கேட்கும்படி ஆடியவர் ஆல்ஃபோர்ட்.

9. ரூத் ரைலி - மேசி

மேசி என்பது வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர். அங்கே வளர்ந்த ஆறடி ஐந்தங்குலப் பெண் ரூத் ரைலி. சேர்ந்தது நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில்.

2001 பெண்கள் இறுதிப் போட்டி, இண்டியானாவுக்கே ஒரு குடும்பச் சண்டை மாதிரி. ஒரு பக்கம் நோட்டர் டேம், மறுபக்கம் பர்டியூ. இரண்டுமே இண்டியானா பல்கலைக்கழகங்கள்! ஸ்கோர் 66-66. ஆட்டம் முடிய 5.8 விநாடிகள். ரைலிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டையும் போட்டார். 68-66.

பர்டியூவின் கடைசி வாய்ப்பு கேட்டி டக்ளஸ் கையில். அவரும் இண்டியானாபொலிஸ் பெண். பந்து உள்ளே போகவில்லை. ரைலியின் அன்றைய கணக்கு: 28 புள்ளி, 13 ரீபவுண்ட், 7 பிளாக். ஜெயித்ததும் இண்டியானா, தோற்றதும் இண்டியானா!

8. ஸ்டெஃபனி வைட் - வெஸ்ட் லெபனான்

ரைலிக்கு இரண்டு வருடம் முன்பே வாசலைத் திறந்தவர் இவர். பள்ளி ஆட்டத்தில் 2,869 புள்ளிகள் குவித்து, அன்றைக்கு மாநிலப் பெண்கள் சாதனையைத் தன் பெயரில் வைத்திருந்தார். விவசாயம் சூழ்ந்த ஊர். விரும்பியிருந்தால் நாட்டின் எந்தப் பெரிய கல்லூரிக்கும் போயிருக்கலாம். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த பர்டியூவைத் தேர்ந்தெடுத்தார்.

1999-ல் பர்டியூ, டியூக் அணியை 62-45 என்று வென்று சாம்பியன். அந்த இறுதிப் போட்டியில் கணுக்கால் பிசகி, கடைசி நிமிடங்களை வெளியே உட்கார்ந்துதான் பார்த்தார் வைட். ஆனால் அணியை அந்த இடம் வரை கூட்டி வந்தது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த ஆண்டின் சிறந்த வீராங்கனைக்கான வேட் டிராஃபி அவருக்கே கிடைத்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய 'பிக் டென்' குழுவிலிருந்து பெண்கள் தேசியப் பட்டம் வென்ற முதல் அணி அதுதான். இன்று உலகமே பார்க்கும் கேட்லின் கிளார்க் ஆடுகிற இண்டியானா ஃபீவர் அணிக்கு, 2025-ல் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தவரும் இதே ஸ்டெஃபனி வைட்தான்!

7. கால்பர்ட் சேனி - எவன்ஸ்வில்

ஆர்ப்பாட்டமே இல்லாத ஆட்டம். இடது கை. ஓட்டம், நிறுத்தம், வீச்சு. அவ்வளவுதான். நான்கு வருடம் இதையே செய்து 2,613 புள்ளிகளை அடுக்கிவிட்டார் சேனி. 1993-ல் எட்டிய அந்த எண்ணிக்கை, 'பிக் டென்' ஆண்கள் ஆட்டத்தில் இன்றும் முறியடிக்கப்படாத சாதனை.

ஆல்ஃபோர்டின் 2,438 புள்ளிகள்தான் அதற்கு முன் இண்டியானா பல்கலைக்கழகத்தின் சாதனையாக இருந்தது. ஒரு இண்டியானா பையனின் சாதனையை இன்னொரு இண்டியானா பையன் முறியடித்தார். 1993-ல் ஆண்டின் சிறந்த வீரருக்கான நெய்ஸ்மித், வுடன் விருதுகள் இரண்டும் சேனிக்கே. தேசியப் பட்டம் மட்டும் கைக்கு எட்டவில்லை. முந்தைய ஆண்டு அரையிறுதி வரை வந்ததுதான் உச்சம்.

6. கிளென் ராபின்சன் - கேரி

சோளக்காட்டு இண்டியானா வேறு. மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் கேரி வேறு. உருக்காலைப் புகையில் வளர்ந்து, ஆலை வேலைகள் சுருங்கச் சுருங்கத் தேய்ந்துபோன நகரம் அது. அங்கிருந்த ரூஸ்வெல்ட் பள்ளிக்கு 1991-ல் மாநிலக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் 'பிக் டாக்' ராபின்சன்.

பர்டியூவில் சேர்ந்ததும், கல்வித் தகுதி விதிகள் காரணமாக முதல் வருடம் களத்திலேயே இறங்க முடியவில்லை. காத்திருந்தார். 1993-94 சீசனில் மட்டும் 1,030 புள்ளிகள். ஆட்டத்துக்குச் சராசரி 30.3. தேசியப் போட்டியில் கன்சாஸ் அணிக்கு எதிராக 44 புள்ளிகள்! ஆனால் அடுத்த ஆட்டத்தில் டியூக் அணியின் கிரான்ட் ஹில் அவரை 13 புள்ளிகளில் கட்டிப்போட, கனவு அங்கேயே முடிந்தது.

அந்த வருட என்.பி.ஏ. டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். பத்து வருடத்துக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம். ஒரு புதுமுகத்துக்கு இவ்வளவா என்று அணி முதலாளிகள் அதிர்ந்துபோனார்கள். அடுத்த வருடமே புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டது.

5. ரிக் மவுன்ட் - லெபனான்

பள்ளி மாணவராக இருக்கும்போதே 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகையின் அட்டையில் வந்தவர். 1966-ல், குழு விளையாட்டு ஆடும் பள்ளி மாணவர் ஒருவருக்கு அந்த அட்டை கிடைத்தது அதுதான் முதல்முறை.

தூரத்திலிருந்து வீசுவதில் மவுன்டுக்கு நிகர் மவுன்ட்தான். 1970 பிப்ரவரியில் அயோவா அணிக்கு எதிராக 61 புள்ளிகள் எடுத்தார். மூன்று புள்ளிக் கோடு என்ற பேச்சே இல்லாத காலம் அது. நீண்ட வீச்சுக்கும் இரண்டு புள்ளிதான். இத்தனைக்குப் பிறகும் அந்த ஆட்டத்தில் பர்டியூ 107-108 என்று ஒரே புள்ளியில் தோற்றது என்பதுதான் சோகம்.

மூன்றே சீசனில் 2,323 புள்ளிகள். 1969-ல் பர்டியூவை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். எதிரணி யு.சி.எல்.ஏ. அதன் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே பர்டியூவின் பழைய மாணவர், இந்தப் பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருப்பவர்! பர்டியூ 72-92 என்று தோற்றது.

4. பில் காரெட் - ஷெல்பிவில்

புள்ளிக் கணக்கை வைத்துப் பார்த்தால் இவரை நான்காம் இடத்தில் வைக்க முடியாது. ஆனால் இவர் இல்லாமல் மேலே சொன்ன சேனியும் இல்லை, ராபின்சனும் இல்லை.

1947-ல் ஷெல்பிவில் பள்ளி மாநில சாம்பியன். அணியின் நட்சத்திரம் காரெட். மாநிலத்தின் சிறந்த பள்ளி வீரருக்கான 'மிஸ்டர் பேஸ்கட்பால்' பட்டமும் அவருக்கே. அப்படிப்பட்ட ஒருவரை வீட்டு வாசலில் நின்று அழைத்துப்போகக் கல்லூரிகள் போட்டி போட்டிருக்க வேண்டும். ஒரு பெரிய கல்லூரிகூட வரவில்லை. காரணம், அவர் கறுப்பினத்தவர்.

'பிக் டென்' பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைக் கூடைப்பந்து அணியில் சேர்ப்பதில்லை. அப்படி எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. எழுதாத ஒப்பந்தம். கனவான்களின் ஒப்பந்தம் என்று அதற்கு நாசூக்காக ஒரு பெயர் வேறு!

இண்டியானாபொலிஸின் கறுப்பினச் சமூகத் தலைவர்கள் சும்மா இருக்கவில்லை. இண்டியானா பல்கலைக்கழகத் தலைவர் ஹெர்மன் வெல்ஸைப் பார்த்துப் பேசினார்கள். வெல்ஸ் சம்மதித்தார். பயிற்சியாளர் பிராஞ்ச் மெக்ராக்கனையும் சம்மதிக்க வைத்தார். காரெட் உள்ளே வந்தார்.

ஆறடி மூன்றங்குலம்தான். ஆனால் தன்னைவிட உயரமானவர்களை எதிர்த்து சென்டர் இடத்தில் ஆடினார். வெளியூர் ஆட்டங்களில் சில ஹோட்டல்களும் உணவகங்களும் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. 1951-ல் படிப்பை முடித்தபோது, பல்கலைக்கழகத்தின் அதிகபட்ச புள்ளிகள் அவர் பெயரில். நாட்டின் தலைசிறந்த வீரர்களுக்கான 'ஆல் அமெரிக்கன்' கௌரவமும் அவர் கையில். அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற 'பிக் டென்' அணிகளும் கதவைத் திறந்தன.

1974-ல், 45 வயதிலேயே காரெட் காலமானார். 2020-ல் இண்டியானா பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் உள்ள பழைய உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

3. ஜான் வுடன் - மார்டின்ஸ்வில்

'பயிற்சியாளர் வுடன்' என்றால் உலகுக்கே தெரியும். யு.சி.எல்.ஏ. அணிக்கு 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள், தொடர்ச்சியாக 88 வெற்றிகள். ஆனால் இந்தப் பட்டியலில் அவர் இருப்பது ஆட்டக்காரராக!

1927-ல் மார்டின்ஸ்வில் பள்ளிக்கு மாநிலக் கோப்பை. பிறகு பர்டியூ. அங்கே 1930, 1931, 1932 என மூன்று ஆண்டுகளும் 'ஆல் அமெரிக்கன்'. கூடைப்பந்தில் அப்படி மூன்று முறை தேர்வான முதல் வீரர் அவர்தான். தரையில் பாய்ந்து விழுந்து, விழுந்த வேகத்தில் எழுந்துவிடுவார். அதனால் 'ரப்பர் மனிதன்' என்ற பட்டப்பெயர். 1932-ல் பர்டியூ 18 ஆட்டங்களில் 17-ஐ வென்றது. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் தனித்தனியே 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் பெற்ற முதல் மனிதர் வுடன்.

இன்னொரு சம்பவமும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, டெர்ரி ஹோட் நகரில் இருக்கும் இண்டியானா ஸ்டேட் கல்லூரிக்குப் பயிற்சியாளராக இருந்தார் வுடன். 1947-ல் ஒரு தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. கறுப்பின வீரர்கள் ஆடக்கூடாது என்பது அந்தப் போட்டியின் விதி. வுடனின் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். 'அவர் இல்லாமல் நாங்கள் வரமாட்டோம்' என்று அழைப்பையே நிராகரித்துவிட்டார் வுடன். அந்த அணியில் வாக்கர் ஒன்றும் பெரிய நட்சத்திரம் அல்ல. மறு வருடம் விதி மாறியது. வாக்கர் ஆடினார்.

2010-ல், நூறு வயதுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது வுடன் மறைந்தார். கல்லூரி கூடைப்பந்தின் சிறந்த வீரருக்கு இன்றும் அவர் பெயரில்தான் விருது.

2. லாரி பேர்ட் - ஃப்ரெஞ்ச் லிக்

1974. சுமார் 2,000 பேர் வசிக்கும் ஃப்ரெஞ்ச் லிக் என்ற ஊரிலிருந்து, 30,000 பேருக்கு மேல் படிக்கும் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போகிறான் ஒரு 17 வயதுப் பையன். கையில் காசில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தைப் பார்த்ததும் மிரண்டுபோகிறான். 24 நாள். அதோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டான்.

பிறகு? ஊராட்சியில் வேலை. குப்பை லாரியில் போனான், சாலை வேலை பார்த்தான், புல் வெட்டினான். அதற்குள் அப்பாவையும் இழந்தான். இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். இண்டியானாவின் எத்தனையோ ஊர்களில் அப்படி முடிந்துபோன கதைகள் உண்டு.

இண்டியானா ஸ்டேட்டின் உதவிப் பயிற்சியாளர் பில் ஹாட்ஜஸ் அவனைத் தேடி ஊருக்கே வந்தார். வுடன் ஒருகாலத்தில் பயிற்சி கொடுத்த அதே கல்லூரி. பெரிதாக யாரும் பேசாத கல்லூரி. பேர்ட் சேர்ந்தார். மூன்று சீசனில் 2,850 புள்ளிகள், ஆட்டத்துக்குச் சராசரி 30.3. ஆறடி ஒன்பதங்குல உயரம். ஆனால் சக வீரர் எங்கே ஓடப்போகிறார் என்று முன்பே தெரிந்தவர் மாதிரி பந்தைக் கடத்துவார்.

1978-லேயே பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரை டிராஃப்டில் தேர்வு செய்துவிட்டது. போயிருந்தால் கையில் பணம். பேர்ட் போகவில்லை. கடைசி வருடத்தை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று கல்லூரியிலேயே இருந்தார்.

அந்த வருடம் இண்டியானா ஸ்டேட் 33 ஆட்டங்களில் 33 வெற்றி! 34-வது ஆட்டம் இறுதிப் போட்டி. 1979 மார்ச் 26, சால்ட் லேக் சிட்டி. எதிரே மிச்சிகன் ஸ்டேட்டின் மேஜிக் ஜான்சன். பேர்ட் 21 முறை வீசியதில் ஏழுதான் உள்ளே போனது. 64-75. தோல்வி. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேர்டின் படம்தான் பலருக்கும் நினைவில் நின்றது.

அந்த ஆட்டத்துக்குக் கிடைத்த 24.1 என்ற தொலைக்காட்சி ரேட்டிங்கை அதன் பிறகு எந்தக் கூடைப்பந்து ஆட்டமும் அமெரிக்காவில் தாண்டவில்லை. கல்லூரி ஆட்டத்தை நாடே பார்க்கும் திருவிழாவாக மாற்றிய இரவு அது. ஜெயித்தவர் பெயர் மேஜிக். ஆனால் தோற்றவர் இல்லாமல் அந்த இரவு இல்லை.

1. ஆஸ்கர் ராபர்ட்சன் - இண்டியானாபொலிஸ்

பிறந்தது டென்னசி மாநிலத்தில். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் இண்டியானாபொலிஸுக்கு வந்துவிட்டது. ஏழைகள் வாழ்ந்த அரசுக் குடியிருப்பில் வீடு. பந்து வாங்கக் காசில்லை. கந்தல் துணியை ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி, பழக்கூடைக்குள் எறிந்து பழகிய பையன்தான் ஆஸ்கர்.

படித்தது கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளியில். நகரின் கறுப்பின மாணவர்களை ஒதுக்கி வைப்பதற்காகவே 1927-ல் திறக்கப்பட்ட பள்ளி அது. அதன் கூடைப்பந்து அரங்கு மிகச் சிறியது. சொந்த ஊர் ஆட்டத்துக்கே வேறு அரங்குகளைத் தேடிப் போக வேண்டும். 1954-ல் கோப்பை வென்ற மிலன் கிராமத்துக் கதையை மேலே பார்த்தோம் இல்லையா? அந்த வழியில் மிலனிடம் தோற்ற அணிகளில் அட்டக்ஸும் ஒன்று. அதில் ஆடிய இளம் வீரர் ஆஸ்கர்.

1955-ல் அட்டக்ஸ் மாநில சாம்பியன். இறுதிப் போட்டியில் கேரி ரூஸ்வெல்ட் பள்ளியை 97-74 என்று வென்றார்கள். ஆம், கிளென் ராபின்சன் பின்னாளில் படித்த அதே பள்ளி! எல்லாப் பள்ளிகளும் கலந்துகொண்ட மாநிலப் போட்டி ஒன்றில் கறுப்பின மாணவர்கள் மட்டுமே படித்த பள்ளி கோப்பை வென்றது, அமெரிக்காவிலேயே அதுதான் முதல்முறை.

ஜெயிக்கும் அணியைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, நகர மையத்தில் இருக்கும் மான்யுமென்ட் சர்க்கிளுக்குக் கொண்டுபோய்க் கொண்டாடுவது வழக்கம். அட்டக்ஸ் பையன்களையும் ஏற்றினார்கள். நினைவுத் தூணை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். இறங்கவிடவில்லை. வண்டி நேராகக் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் இருக்கும் பூங்காவுக்குப் போனது. 'உங்கள் கொண்டாட்டத்தை உங்கள் பகுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் சொல்லாமல் சொன்ன செய்தி. அந்த இரவின் காயத்தைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் ராபர்ட்சன் பேசியிருக்கிறார், தன் சுயசரிதையில் எழுதியும் இருக்கிறார்.

மறு வருடம் அட்டக்ஸ் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மீண்டும் சாம்பியன். 'மிஸ்டர் பேஸ்கட்பால்' பட்டம் ஆஸ்கருக்கு. பிறகு அவர் இண்டியானாவை விட்டு, பக்கத்து மாநிலமான ஒஹாயோவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

அங்கே அவர் செய்ததை எண்களில் சொன்னால்தான் புரியும். மூன்று சீசன். மூன்றிலும் நாட்டின் அதிகபட்ச புள்ளிகள். மூன்றிலும் ஆண்டின் சிறந்த வீரர். மொத்தம் 2,973 புள்ளிகள், சராசரி 33.8. முதல் சீசனிலேயே நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சீட்டன் ஹால் அணிக்கு எதிராக 56 புள்ளிகள். புள்ளி மட்டும் அல்ல. ரீபவுண்ட், பாஸ் என எல்லாவற்றிலும் முன்னால் நின்றார். ஆறடி ஐந்தங்குல உயரத்தில், பந்தைக் கொண்டுபோகிற வேலையையும் செய்து, கூடைக்கு அடியில் முட்டி மோதுகிற வேலையையும் செய்த ஒருவரை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

இத்தனை சாதித்த வீரருக்கு, ஹூஸ்டனில் ஆடப்போனபோது அணி தங்கிய ஹோட்டலில் அறை கொடுக்கவில்லை. கறுப்பின மாணவர்கள் படிக்கும் கல்லூரி ஒன்றின் விடுதியில் தனியாகத் தங்கினார்.

தேசியப் பட்டம்? கிடைக்கவில்லை. 1959, 1960 இரண்டு வருடமும் அரையிறுதியில் கலிஃபோர்னியா அணியிடம் தோல்வி. அவர் படிப்பை முடித்துப் போன பிறகு 1961, 1962 என அடுத்தடுத்து இரண்டு முறை சின்சினாட்டி சாம்பியன் ஆனது. விதியின் விளையாட்டு! ஆனால் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் கூட்டுக் கேப்டன்களில் அவரும் ஒருவர்.

இன்று அமெரிக்கக் கூடைப்பந்து எழுத்தாளர்கள் சங்கம் ஆண்டுதோறும் சிறந்த கல்லூரி வீரருக்குத் தரும் விருதின் பெயர், ஆஸ்கர் ராபர்ட்சன் டிராஃபி.

மயிரிழையில் தவறியவர்கள்

ஹேவர்ட் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கலாம். அவர் கல்லூரியில் ஆடியது இரண்டே வருடம். 1976-ல் 32 ஆட்டங்களிலும் வென்ற இண்டியானா அணியின் சென்டர், நியூ காசிலின் கென்ட் பென்சன் மிக நெருங்கி வந்தார். ஆண்கள் பிரிவில் அதன் பிறகு எந்த அணியும் தோல்வியே இல்லாமல் பட்டம் வென்றதில்லை. டெர்ரி ஹோட்டின் கிளைட் லவ்லெட் கன்சாஸுக்குப் போய், 1952-ல் நாட்டின் அதிகபட்ச புள்ளிகளையும் தேசியப் பட்டத்தையும் ஒரே சீசனில் தட்டி வந்தவர். சவுத் பெண்டின் ஸ்கைலர் டிகின்ஸ், நோட்டர் டேம் அணியை 2011 முதல் தொடர்ந்து மூன்று வருடம் கடைசி நால்வருக்குள் கொண்டுபோனவர். உங்கள் பட்டியலில் இவர்களுக்கு இடம் இருந்தால், அதுவும் நியாயமே.

அறுபது வருடம் கழித்து...

பட்டியலைத் திரும்பப் பாருங்கள். முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களிடம் கல்லூரி தேசியப் பட்டம் கிடையாது. நான்கு, ஐந்து, ஆறு, ஏழாம் இடத்துக்காரர்களிடமும் கிடையாது. கோப்பையை வைத்து மட்டும் எண்ணியிருந்தால் பாதிப் பேர் காணாமல் போயிருப்பார்கள்.

இண்டியானா தன் கூடைப்பந்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை அழகானது. கொட்டகை, சோளக்காடு, சின்ன ஊர், பெரிய கனவு. அது பொய்யில்லை. ஃப்ரெஞ்ச் லிக்கிலும் மேசியிலும் அது நடந்தது. ஆனால் அதே மாநிலத்தில்தான் பில் காரெட் கல்லூரிக் கதவுக்கு வெளியே நின்றார், ஆஸ்கர் ராபர்ட்சன் ஊர் நடுவே இறங்கவிடாமல் திருப்பி அனுப்பப்பட்டார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

2015-ல், அந்த வெற்றியின் 60-வது ஆண்டில், இண்டியானாபொலிஸின் புகழ்பெற்ற கார் பந்தயத்தையொட்டி நடக்கும் ஊர்வலத்துக்கு 1955 அட்டக்ஸ் அணியைத் தலைமை விருந்தினர்களாக அழைத்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பையன்கள் நகரின் மையத் தெருக்களில் ஊர்வலமாகப் போனார்கள். இருபுறமும் மக்கள் நின்று கைதட்டினார்கள்.

அணியில் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தப் பத்துப் பேரில் உங்கள் நம்பர் 1 யார்? கமென்டில் சொல்லுங்கள். அடுத்த வாரம் இன்னொரு 'டாப் 10' பட்டியலுடன் சந்திப்போம்!